ஜாமீன் கிடைத்து 41 நாள். கணவர் இன்னும் சிறையில்: என்ன செய்வது?

வாசகியின் கடிதம்:

என் கணவருக்கு 31 வயது. கோவையில் புதுக் கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்தார். வேலை நடந்த இடத்தில் காப்பர் வயரும் ஒரு மோட்டாரும் காணாமல் போய்விட்டது என்று புதிய தண்டனைச் சட்டத்தின் 305-ஆவது பிரிவில் திருட்டு வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். இதற்கு முன் அவர் மேல் ஒரு வழக்கும் கிடையாது. எங்களுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் தள்ளுபடி ஆகி, செஷன்ஸ் கோர்ட்டில் கிடைத்தது. கிடைத்து 41 நாள் ஆகிறது. 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டுமாம், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டுமாம். 20,000 ரூபாய்க்கு நான் எங்கே போவேன்? ஊரிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு போனால், கோயம்புத்தூர் ஆள்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். வக்கீலுக்கு இதுவரை 15,000 கொடுத்துவிட்டேன். ஆள் ஏற்பாடு செய்ய இன்னும் 8,000 கேட்கிறார். கோர்ட் வாசலில் நின்ற ஒருவர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்றார். கைக்குழந்தையோடு அலைந்துகொண்டிருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதில் இருக்கும் 20,000 ரூபாய் பாரத்தை இறக்கி வையுங்கள். அந்தப் பணத்தை யாரும் கட்ட வேண்டியதில்லை. "10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன்" என்றால், உங்கள் கணவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் தலா 10,000 ரூபாய் வரை நாங்கள் பொறுப்பு என்று இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அவர் ஒழுங்காக வந்து போனால் ஒரு பைசாகூட யாரிடமும் வாங்க மாட்டார்கள். இது தெரியாமல் தாலியை அடகு வைத்துப் பணத்தோடு கோர்ட்டுக்கு வருபவர்கள் ஏராளம். உங்களுக்கு வேண்டியது பணம் அல்ல. இரண்டு ஆட்களும் அவர்களுடைய காகிதங்களும், அல்லது அந்த நிபந்தனையைத் தளர்த்தும் ஓர் உத்தரவும்.

41 நாள் ஆகியும் ஏன் ஒன்றும் நகரவில்லை? ஜாமீன் உத்தரவு போடுவது செஷன்ஸ் நீதிமன்றம். ஜாமீன்தாரர்களைச் சரிபார்த்து விடுதலை உத்தரவைச் சிறைக்கு அனுப்புவது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஆளைக் காவலில் வைத்திருப்பது சிறை நிர்வாகம். இந்த மூன்று இடத்திலும் உங்கள் கணவர் ஓர் எண். நாடு முழுக்க 5 கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, பெரும்பகுதி மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில். 2022 டிசம்பர் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75-க்கும் மேல். இவ்வளவு வழக்குக் கட்டுகளுக்கு நடுவில், ஜாமீன் கொடுத்த ஆள் வெளியே போனாரா இல்லையா என்று தானாக எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. யாராவது எழுத்தில் ஒரு மனு போட்டால்தான் அந்தக் கட்டு மேசைக்கு வரும். பெஞ்ச் கிளார்க்கிடம் வாயால் சொன்னது எதுவும் கட்டில் ஏறாது. உங்கள் 41 நாளும் வாய்ப்பேச்சிலேயே கரைந்திருக்கிறது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. இனிமேல் செய்வதை எல்லாம் தேதி போட்ட காகிதமாகச் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை: காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றம், முதலில் ரிமாண்ட் செய்த தேதி, செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஜாமீன் மனுவுக்குக் கொடுத்த எண் (கிரிமினல் எம்.பி. எண் என்பார்கள்), உத்தரவு தேதி, சிறையில் அவருடைய கைதி எண். எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம், பிரவுசிங் சென்டரில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஜாமீன் உத்தரவை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். உத்தரவை நீங்களே ஒரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள், அல்லது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "உள்ளூர் ஜாமீன்தாரர்" என்ற வார்த்தை அதில் இருக்கிறதா? பல நேரங்களில் உத்தரவில் அப்படி இருக்காது, கவுன்டரில் சொல்வதாகத்தான் இருக்கும். உத்தரவில் இல்லாத நிபந்தனைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

அடுத்தது வக்கீல். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் பெறத் தகுதி உடையவர் என்கிறது. வருமானச் சான்று தேவையில்லை. பெண் என்பதால் உங்களுக்கும் தனியாக அதே உரிமை உண்டு, அதற்கும் வருமான வரம்பு கிடையாது. இது அரசு போடும் பிச்சை அல்ல. அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு சொல்லும் கடமை.

கோவைக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கோ, உங்கள் வட்டத்து நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கோ போய் மனு கொடுங்கள். அதைக் கோவை ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் பதிவு செய்யலாம். அதோடு நிறுத்தாமல், அடுத்த நேர்காணலில் உங்கள் கணவரிடம் சொல்லி, சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்திலும் அவரே எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். அங்கே சட்டத் தன்னார்வலர்கள் இருப்பார்கள், சிறைக்கு வந்து போகும் சட்ட உதவி வக்கீலும் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் காகிதம் வந்தால் ஒன்று தவறினாலும் இன்னொன்று போய்ச் சேரும்.

மனு தமிழில் போதும், வெள்ளைத்தாளில் போதும். இப்படி எழுதலாம்:

"அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்). பெறுநர்: செயலாளர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, கோயம்புத்தூர். ஐயா, என் கணவர் (பெயர், கைதி எண்) இந்தக் காவல் நிலையத்தின் இந்தக் குற்ற எண் வழக்கில் இந்தத் தேதி முதல் கோவை மத்திய சிறையில் உள்ளார். செஷன்ஸ் நீதிமன்றம் இந்தத் தேதியில் ஜாமீன் வழங்கியது. வெளி மாவட்டத்தைச் சேர்ந்த கூலிக் குடும்பம் என்பதால் இரண்டு ஜாமீன்தாரர்களை எங்களால் கொண்டுவர முடியவில்லை. உத்தரவு வந்து ஒரு மாதம் கடந்தும் அவர் விடுதலை ஆகவில்லை. நிபந்தனையைத் தளர்த்த மனு தாக்கல் செய்ய இலவச வக்கீல் நியமிக்கவும், எங்கள் பொருளாதார நிலை குறித்து அறிக்கை தயாரித்து நீதிமன்றத்தில் அளிக்கவும், ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் என் கணவர் பெயரைச் சேர்க்கவும் வேண்டுகிறேன். எனக்கு இந்த வயதில் குழந்தை உள்ளது. வேறு வருமானம் இல்லை."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லையென்றால் நாளைக்கு நீங்கள் மனு கொடுத்ததாகவே நிரூபிக்க முடியாது. தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி, தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. ஆகவே பயப்படாமல் எழுதுங்கள்.

பழைய வக்கீல் விஷயத்தில் சண்டை வேண்டாம். புது வக்கீல் வக்காலத்து போட, பழையவரின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தைக் கேட்பது வழக்கம். மரியாதையாகக் கேளுங்கள். பாக்கிப் பணம் தந்தால்தான் கட்டைத் தருவேன் என்றால், கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியும் தராவிட்டால் புது வக்கீல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வக்காலத்து போடுவார். உங்கள் கணவரின் கையெழுத்தைச் சிறைக்குள்ளேயே வாங்கி, சிறைக் கண்காணிப்பாளர் சான்றிட்டு அனுப்புவார். அதற்காக நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

சட்ட உதவி வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பயம் பலருக்கு உண்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்களுக்குக் கொடுக்கும் தொகை குறைவு, சொந்த வழக்குகளுக்கு நடுவில்தான் இதையும் பார்க்கிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் 2022 முதல் பல மாவட்டங்களில் முழுநேர சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்களை நியமித்திருக்கிறார்கள். அவர்கள் தனி வழக்கு எடுக்கக்கூடாது, கிரிமினல் வழக்கு மட்டுமே பார்ப்பார்கள். அலுவலகத்தில் அந்தப் பிரிவைக் கேளுங்கள். நியமித்த வக்கீலின் பெயரும் எண்ணும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாரத்தில் மனு தாக்கல் ஆகவில்லை என்றால், அல்லது அவர் உங்களிடம் பணம் கேட்டால், செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். நகல், டைப்பிங் செலவுகூட உங்களுடையது அல்ல.

இனி முக்கியமான மனு. நிபந்தனையைத் தளர்த்தும் மனு, ஜாமீன் கொடுத்த செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மாஜிஸ்திரேட்டிடம் போய், ஐயா ஒரு ஆளாகக் குறையுங்கள் என்று கெஞ்சுவார்கள். மேல் நீதிமன்றம் போட்ட நிபந்தனையை அவர் மாற்ற முடியாது. அவரும் கையை விரிப்பார், நாட்கள் போகும்.

அந்த மனுவுக்கு வலுவான அடித்தளம் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத கைதிகளுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று ஏழு அறிவுறுத்தல்களைக் கொடுத்தது. உங்களுக்கு நேராகப் பொருந்துபவற்றைச் சொல்கிறேன். ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் கைதி விடுதலை ஆகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் ஒரு தன்னார்வலரையோ சிறைக்கு வரும் வக்கீலையோ அனுப்பி, கைதிக்கு உதவ வேண்டும். கைதியின் குடும்ப, பொருளாதார நிலை பற்றி அறிக்கை தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். வெளியே விட்டால் நானே ஆள் கொண்டுவருகிறேன் என்று கைதி கேட்டால், குறிப்பிட்ட நாட்களுக்குத் தற்காலிக ஜாமீன் கொடுப்பதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்து நிபந்தனையை மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாக ஒரு காரணம், அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் தவிர்க்கலாம் என்பதும் அதில் உண்டு.

உங்கள் கணக்கு 41 நாள். அதாவது 7 நாள் கெடுவும் போய்விட்டது, ஒரு மாதக் கெடுவும் போய்விட்டது. மனுவின் முதல் பத்தியிலேயே இந்த இரண்டு தேதிகளும் வர வேண்டும் என்று வக்கீலிடம் சொல்லுங்கள். நீதிபதி அரை நிமிடம்தான் பார்ப்பார் என்றாலும் அந்தத் தேதிகள் கண்ணில் படும்.

வெளியூர் ஆள் கூடாது என்ற பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. 1978-இல் மோத்தி ராம் என்ற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். ஜாமீன் நிற்க வந்த சகோதரருக்குச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரை ஏற்க மறுத்தார். வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை வன்மையாகக் கண்டித்தார். தமிழரோ மலையாளியோ எங்கோ வடக்கே ஒரு திருட்டு வழக்கில் மாட்டினால் அந்த ஊர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது வேறு ஆள் இல்லாமல் அவருடைய கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, விடச் சொன்னார். திருவண்ணாமலை பெயின்டர் கோவையில் மாட்டியிருக்கும் உங்கள் கதையும் அதுதான். இந்தத் தீர்ப்பை உங்கள் மனுவில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

மனுவில் ஒரே ஒரு கோரிக்கையை வைக்காதீர்கள். முதலில் சொந்த ஜாமீனில் விடக் கேளுங்கள். அது முடியாது என்றால் ஒரே ஜாமீன்தாரர் போதும் என்றும், ரத்த சொந்தம் என்ற நிபந்தனையை நீக்கவும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் திருவண்ணாமலை மாவட்ட ஜாமீன்தாரர்களை ஏற்கக் கேளுங்கள். கடைசியாக, தற்காலிக ஜாமீன். ஒன்று மறுக்கப்பட்டாலும் அடுத்தது நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனுவாக இரண்டு வாரம், இரண்டு வாரமாகப் போகும்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 490-ஆவது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. நீதிமன்றம் அனுமதித்தால், ஜாமீன் பத்திரத்துக்குப் பதிலாக ஒரு தொகையை டெபாசிட் செய்யலாம். அது வழக்கு முடிந்து, அவர் வாய்தா தவறாமல் வந்திருந்தால், உங்களுக்கே திரும்ப வரும். அதனால் ரசீதைத் தொலைக்கக்கூடாது. யாரோ கேட்கும் 8,000 எந்தக் காலத்திலும் திரும்பி வராது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன் மற்ற வழிகளைப் பார்த்துவிடுங்கள்.

அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்காக மத்திய உள்துறை 2023-இல் தொடங்கியது. அப்போது அறிவித்தபடி விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை நீதிமன்றத்தில் டெபாசிட்டாகக் கட்டுவார்கள். கலெக்டர், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், நீதிபதி ஒருவர் அடங்கிய மாவட்டக் குழு முடிவு செய்யும். ஊழல் தடுப்பு, போதைப்பொருள், பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது. உங்கள் கணவரின் வழக்கு அந்த வகை அல்ல. குழுவின் முன் பெயரை வைக்க வேண்டியது செயலாளர் என்பதால்தான் மேலே மனுவில் அந்த வரியைச் சேர்த்தேன். இந்தத் திட்டம் பற்றிக் கைதிகளின் குடும்பங்களில் மிகச் சிலருக்கே தெரிகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

யார் ஜாமீன் நிற்கலாம்? மனைவி நிற்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. நீங்களே ஒருவராக நிற்கலாம். ஆனால் ரத்த சொந்தம் என்று உத்தரவில் இருந்தால் அந்த இடத்துக்கு அவருடைய அம்மா, அப்பா, அண்ணன், தங்கை யாராவது வர வேண்டும். சொந்த வீடு இருந்தால்தான் ஜாமீன் நிற்கலாம் என்றும் சட்டத்தில் இல்லை. நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஜாமீன்தாரரின் தகுதியை நிரூபிக்க அபிடவிட்டையே நீதிமன்றம் ஏற்கலாம் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 485-ஆவது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் நடைமுறையில் காகிதம் கூடுதலாக இருப்பது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், வங்கிப் பாஸ்புக் ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். அதற்கு மேல் வீட்டு வரி ரசீது, சிட்டா, வண்டியின் ஆர்.சி. புக், சம்பளச் சீட்டு, பென்ஷன் புத்தகம் இவற்றில் எது இருக்கிறதோ அது. எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சின்ன விஷயத்துக்குத்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், வரி ரசீதில் வேறு இனிஷியல். வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில். பழைய வருட ரசீது. ஊரை விட்டுக் கிளம்புமுன் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கிவிடுங்கள். ஒரு எழுத்துக்காகக் கோவைக்கு இன்னொரு முறை நான்கு பேர் பஸ் ஏற வேண்டாம்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் காலை 10 மணிக்கே ஜாமீன்தாரர்களோடு போய்விடுங்கள். வக்கீல் ஜாமீன் பத்திரத்தை மனுவாகத் தாக்கல் செய்வார், நீதிபதி இருவரையும் கூப்பிட்டு, கைதி யார், என்ன உறவு, என்ன தொழில் என்று கேட்பார். புகைப்படமும் இடது பெருவிரல் ரேகையும் வாங்குவார்கள். இதற்கு முன் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று எழுதித் தர வேண்டும், அது 486-ஆவது பிரிவு. உண்மையையே சொல்லச் சொல்லுங்கள். வெளியூர் ஆள் வேண்டாம் என்று கவுன்டரில் தடுத்தால் திரும்பி வராதீர்கள். வக்கீல் மூலம் மனுவைத் தாக்கல் செய்து, நிராகரிப்பதானால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு போடக் கேளுங்கள். எழுத்தில் வந்த மறுப்பை மேலே கொண்டுபோகலாம், வாயால் சொன்ன மறுப்பை எங்கும் கொண்டுபோக முடியாது.

எட்டாயிரம் ரூபாய்க்கு வரும் ஆள் யார் என்று யோசித்தீர்களா? கோர்ட் வாசலில் வாடகைக்கு ஜாமீன் நிற்பவர்கள். ஒரே வரி ரசீதை வைத்துப் பல வழக்குகளில் நிற்பார்கள், சிலர் ரசீதையே போலியாகத் தயாரிப்பார்கள். பிடிபட்டால் அவர்கள் மேல் மட்டும் வழக்கு வராது, உங்கள் கணவரின் ஜாமீனும் ரத்தாகலாம். அடுத்த முறை ஜாமீன் கேட்கும்போது, முன்பு போலி ஆள் கொடுத்தவர் என்ற கறை நிற்கும். வேண்டவே வேண்டாம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன ஆலோசனை அதைவிட ஆபத்து. 305-ஆவது பிரிவில் தண்டனை 7 ஆண்டு வரை போகலாம். ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து விடுவார்கள் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அப்படியே விட்டாலும் அவர் திருட்டுக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர். நாளைக்கு அந்தக் காவல் நிலைய எல்லையில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டுவது அவர் கதவை. வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியும் யோசிப்பார். அவர் செய்தாரா இல்லையா என்பது சாட்சிகளைக் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. சிறையிலிருந்து வர வேறு வழி இல்லை என்பதற்காகச் செய்யாததை ஒப்புக்கொள்ளக் கூடாது. நேர்காணலில் இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், உள்ளேயும் இப்படி யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள்.

வக்கீல் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து 60 நாள் முடிந்துவிட்டதா, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டதா? இந்தப் பிரிவுக்கு 60 நாள்தான் கெடு. தாக்கல் ஆகவில்லை என்றால் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவில் அவருக்குத் தனியாக ஜாமீன் உரிமை பிறக்கிறது. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினால் உரிமை போச்சு. இரண்டு, வேறு வழக்கிலும் அவரைச் சேர்த்திருக்கிறார்களா? பி.டி. வாரண்ட், அதாவது வேறு வழக்குக்காகக் கைதியைக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு, ஏதாவது சிறைக்குப் போயிருந்தால் இந்த வழக்கில் எல்லாம் சரிசெய்தாலும் கதவு திறக்காது. சிறை அலுவலகத்தில் கைதி எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரியும். அப்படி இருந்தால் அதே ஜாமீன்தாரர்களை இரண்டு வழக்குக்கும் ஏற்கும்படி கேட்க வேண்டும். 13 வழக்குகளில் தனித்தனி ஜாமீன்தாரர் கொடுக்க முடியாமல் தவித்த ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அப்படித்தான் அனுமதித்தது. மூன்றில் ஒரு பங்கு தண்டனைக் காலம் கழித்த முதல்முறைக் கைதியை விட வேண்டும் என்ற 479-ஆவது பிரிவைப் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். உங்கள் கணக்கில் அது 2 ஆண்டு 4 மாதம், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஜாமீன் உத்தரவில் தினமும் காலை 10.30-க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வெளியே வந்ததும் கோவையில் தங்க இடமும் சாப்பாட்டுக்கு வழியும் வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வராமல் இருந்தால் அதுவே ஜாமீனை ரத்து செய்யக் காரணமாகிவிடும். ஆகவே தளர்வு மனுவிலேயே, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவோ வாரம் ஒரு நாளாகக் குறைக்கவோ சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மாற்றிய உத்தரவு கைக்கு வரும்வரை பழைய நிபந்தனைதான் நடப்பில் இருக்கும், அதுவரை ஒரு நாளும் தவறக்கூடாது. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு நாளும் தேதியை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஜாமீன் பத்திரம் ஏற்கப்பட்டதும் விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அன்றே கேளுங்கள். மாலை லாக்-அப் நேரம் கடந்து போனால் பெரும்பாலும் மறுநாள் காலைதான் விடுவார்கள், பதற வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பத்திரம் தாக்கல் செய்வதைத் தவிர்க்கப் பாருங்கள். ஏதாவது ஒரு குறை சொன்னால் திங்கள்வரை சரிசெய்ய ஆள் இருக்காது. சிறை வாசலுக்கு வரும்போது மாற்று உடையும் பஸ் செலவுக்குப் பணமும் கொண்டுவாருங்கள். உள்ளே போகும்போது ஒப்படைத்த செல்போன், பர்ஸ் இருந்தால் பட்டியலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே அடுத்த வாய்தா எந்தத் தேதி, எந்த நீதிமன்றம் என்று வக்கீலிடம் கேட்டு, அந்த ஜாமீன் உத்தரவு நகலின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.